34 லட்சம் புதுசா, 31 லட்சம் பழசா? வடசென்னையில் முதல் வீட்டுக்குப் போட்ட கணக்கு

திருவொற்றியூர் டி.எச். ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்து நோட்டீஸ் நீட்டினான். "முதல் வீடு வாங்குவோருக்குப் பிரதமர் மானியம் ரூ.2.67 லட்சம்" என்று சிவப்பு எழுத்து. என் தங்கை வீட்டுக்காரர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மச்சான், பதிவுச் செலவு இதுலயே வந்துடும்போல" என்றார்.

வராது. அந்த 2.67 லட்சம் பழைய வட்டி மானியத் திட்டத்தின் உச்சவரம்பு. அது 2022 மார்ச்சோடு முடிந்துவிட்டது. நோட்டீஸ் அடித்தவர்கள் பழைய டிசைனையே மறுபடி அச்சுக்குக் கொடுத்திருக்க வேண்டும். இப்போது இருப்பது 2024 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0. இதில் அதிகபட்சம் 1.80 லட்சம். அதுவும் மொத்தமாகக் கிடைக்காது. ஆண்டுக்கு ஒரு தவணையாக ஐந்து தவணை. ஒரு வருடத்துக்கு 36,000 ரூபாய்.

தங்கை குடும்பத்துக்கு முதல் வீடு தேடி மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்ததில் எங்கள் முன் நின்றவை இவை: திருவொற்றியூர் பக்கம் கட்டி முடித்த புது ஃபிளாட், 34 லட்சம். தண்டையார்பேட்டையில் இருபத்தெட்டு வருடப் பழைய ஃபிளாட், 31 லட்சம். மீஞ்சூரில் ஒரு மனை, 9.5 லட்சம். நாலாவதாக ஒருவர் காதோடு காதாகச் சொன்ன வாரிய வீடு.

வாரிய வீட்டை முதலில் முடித்துவிடுகிறேன். 1970இல் குடிசை மாற்று வாரியமாக ஆரம்பித்து, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பின் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. ஒதுக்கீடு பெற்றவர் பெயரில் கிரயப் பத்திரம் ஆகாத வீட்டை, இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி, நோட்டரி முத்திரை குத்தி "விற்கிறார்கள்". அதில் பதிவு இல்லை, வங்கிக் கடன் இல்லை, மானியமும் இல்லை. விலை பாதியாக இருப்பதற்குக் காரணம் அதுதான். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

இப்போது மானியத்துக்கு வருவோம், ஏனென்றால் குழப்பம் முழுக்க இங்கேதான். குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டின் மதிப்பு 35 லட்சத்தையும், கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் யார் பெயரிலும் நாட்டில் எங்கேயும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டிச் சலுகை. புதுசு, பழசு, சொந்தமாகக் கட்டுவது மூன்றுக்கும் பொருந்தும். எங்கள் தெருவில் பலர் மாட்டிக்கொள்வது வீடு இருக்கக் கூடாது என்ற விதியில். அப்பா காலத்து வீட்டைப் பெரிய பிள்ளை பெயரில் எழுதி வைத்திருப்பார்கள். குடியிருப்பதோ தம்பி. ஆனாலும் கணக்கில் அண்ணன்தான் வீட்டுச் சொந்தக்காரர்.

மாப்பிள்ளை மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறார். தங்கை பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறாள். இருவருக்கும் சேர்த்து மாதம் 55,000. தகுதி இருக்கிறது. சரி, அப்போ 34 லட்சம் புது ஃபிளாட்டை எடுத்துவிட வேண்டியதுதானே?

கொஞ்சம் பொறுங்கள். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம். ஆக, மானியமே வேண்டாம் என்றால் 34 லட்சம் வீட்டுக்கு 30 லட்சம் கடன் கேட்கலாம். கைக்காசு 4 லட்சம் போதும், பதிவுச் செலவு தனி. மானியம் வேண்டுமென்றால் கடன் 25 லட்சத்தில் நின்றுவிடும். கூடுதலாக 5 லட்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். அந்த 5 லட்சத்தை நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு வெளியே வாங்கினால் மாதம் 7,500, வருடத்துக்கு 90,000. அதே தொகையை எட்டரை சதவீத வீட்டுக் கடனாகவே வைத்திருந்தால் வருட வட்டி 42,500தான். 36,000 மானியத்தைப் பிடிக்க 47,500 அதிக வட்டி கட்டுவதாகிவிடும். சீட்டுப் பணமோ சேமிப்போ கையில் இருப்பவருக்குத்தான் இது லாபம். தங்கைக்கு அந்தச் சமயம் ஒரு சீட்டு முடிந்திருந்தது. அம்மாவின் வளையல்களும் இருந்தன.

இன்னொரு முடிச்சும் உண்டு. ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் உயிரோடு இருக்க வேண்டும். அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். போனஸ் வந்தால் உடனே கடனை அடைக்கிற பழக்கம் உள்ளவர்கள் அந்த ஐந்து வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத்தான் வேண்டும்.

புதுசுக்கும் பழசுக்கும் உண்மையான இடைவெளி பத்திரப் பதிவில் இருக்கிறது. இதை எந்த நோட்டீஸும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் வழக்கமான கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. ஆனால் முதல் விற்பனையாக வரும் புது ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல் வேறு கணக்கு. 50 லட்சம் வரை தீர்வை 4, பதிவு 2, மொத்தம் 6 சதவீதம். 34 லட்சத்துக்கு 2,04,000. பழைய ஃபிளாட்டுக்கோ 31 லட்சத்தில் 9 சதவீதம், அதாவது 2,79,000. விலை 3 லட்சம் குறைந்த வீட்டுக்குப் பதிவில் 75,000 கூட. பதிவில் மிச்சமாகும் பணம் அன்றைக்கே கையில் நிற்கும். மானியம் மாதிரி ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

கட்டி முடித்து, பணி நிறைவுச் சான்றும் வாங்கிய வீடு என்பதால் ஜி.எஸ்.டி. கிடையாது. கட்டும்போதே முன்பதிவு செய்திருந்தால் 1 சதவீதம், அதாவது 34,000 போயிருக்கும். இந்த 1 சதவீதம்கூட சென்னையில் 60 சதுர மீட்டர் கார்பெட் ஏரியாவுக்குள் (சுவருக்குள் புழங்கும் இடம்), 45 லட்சத்துக்குள் இருக்கும் வீட்டுக்குத்தான். தாண்டினால் 5.

தண்டையார்பேட்டை வீட்டைப் பற்றி அநியாயமாகப் பேசக் கூடாது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. எட்டே வீடுகள், 580 சதுர அடி வீட்டுக்கு யு.டி.எஸ்., அதாவது வீட்டோடு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, 390 சதுர அடி. புது ஃபிளாட்டில் அது 260தான். நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்டினாலும் மிஞ்சுவது நிலத்தின் பங்குதானே. அடுத்த தெருவில் பள்ளிக்கூடம், நடக்கிற தூரத்தில் மெட்ரோ. ஆனால் வங்கி அனுப்பிய இன்ஜினியர் தூணில் தெரிந்த கம்பியைச் செல்போனில் படம் எடுத்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. மதிப்பு 27 லட்சம்தான் போட்டார். அந்த வீட்டுக்கு வங்கி தருவதாகச் சொன்னது அதில் 80 சதவீதம்தான், அதாவது 21.6 லட்சம். மீதி 9.4 லட்சமும் பதிவுச் செலவும் சேர்த்துக் கையிலிருந்து 12.19 லட்சம். புது வீட்டுக்கு, மானியத்துக்காகக் கடனை 25 லட்சத்தில் நிறுத்தினால்கூட 11.04 லட்சம்தான். விலை குறைந்த வீடு அதிகக் கைக்காசு கேட்டது. "பத்திரத்துல 20 போட்டுக்கலாம் சார்" என்று புரோக்கர் வழி சொன்னார். பத்திரத்தில் விலை குறைந்தால் கடனும் குறையும் என்பதை அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

சொத்து வரிக்கு வருகிறேன். முதல் வீடா மூணாவது வீடா என்ற பேதமெல்லாம் சென்னை மாநகராட்சிக்குக் கிடையாது. முதல் வீட்டுக்கு என்று தனிச் சலுகை இல்லை. இருக்கிற ஒரே சலுகை, அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடி. உச்சவரம்பு 5,000 ரூபாய் என்று பெரிதாகச் சொல்வார்கள். 1,140 ரூபாய் வரிக்கு 5 சதவீதம் 57 ரூபாய்.

வடசென்னையில் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் பழைய மாநகராட்சிப் பகுதி. திருவொற்றியூர், மணலி, மாதவரம் 2011இல் சேர்ந்தவை. 2022இல் வரியைத் திருத்தியபோது 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்குப் பழைய பகுதியில் 50 சதவீதமும், சேர்ந்த பகுதியில் 25 சதவீதமும் ஏற்றினார்கள். 601 முதல் 1,200 சதுர அடி வரை 75, 50. அப்புறம் 2024இல் எல்லோருக்கும் 6 சதவீதம். வரியோடு நிற்காது, குடிநீர் வாரியத்துக்கு ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் தனியாக. ஆனாலும் சின்ன ஃபிளாட்டுக்கு இதெல்லாம் வீட்டை மாற்றுகிற அளவு தொகை இல்லை.

வீட்டையே மாற்ற வைப்பது வரி பாக்கிதான். தண்டையார்பேட்டை வீட்டின் வரி எண்ணை மாநகராட்சித் தளத்தில் போட்டுப் பார்த்தால் ஏழு அரையாண்டு கட்டவில்லை. வீட்டுக்காரப் பெரியவர் "சின்னத் தொகை தம்பி, நீங்க கட்டிக்குங்க" என்றார். சொத்து வரி பாக்கி ஆளோடு போகாது, சொத்தோடு வரும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வரி ரசீதையும் குடிநீர் வாரிய ரசீதையும் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் சிரிப்பார்கள்.

வருமான வரி? வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் கழிவு என்று வங்கியில் ஒருவர் அரை மணி நேரம் விளக்கினார். புதிய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக்கு அந்தக் கழிவே இல்லை. 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு அதே முறையில் வரியும் இல்லை. இல்லாத வரியில் எதைக் கழிப்பது?

மீஞ்சூர்தான் காகிதத்தில் மலிவு. பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குள் பதிவு செய்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. தங்கை பெயரில் எழுதினால் மொத்தம் 76,000. சலுகையில் மிச்சம் 9,500. மேஸ்திரி சதுர அடிக்கு 2,400 கேட்டார். 650 அடிக்கு 15.6 லட்சம். எல்லாம் சேர்த்து 26 லட்சத்துக்குள் தனி வீடு! 2,500 சதுர அடி மனைக்குள், மாடியோடு 3,500 சதுர அடி வரை கட்டினால் சுயசான்றில் ஆன்லைனிலேயே வரைபட அனுமதியும் கிடைத்துவிடும். ஆனால் சொந்த மனையில் கட்ட 2.5 லட்சம் தருகிற பிரிவு ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்குத்தான். கலைஞர் கனவு இல்லம் கிடைக்குமா என்று அம்மா கேட்டார். அது கிராமத்துக்கான திட்டம். கட்டி முடிக்கும்வரை, அவர்கள் குடியிருந்த கொருக்குப்பேட்டை வீட்டின் வாடகை 9,500ஐயும் கடன் வட்டியையும் சேர்ந்தே கட்ட வேண்டும். இரவு ஷிஃப்ட் முடித்து மணலியிலிருந்து அத்தனை தூரம் வண்டி ஓட்ட வேண்டும். அதற்கு மேல் கணக்கு தேவைப்படவில்லை.

புது ஃபிளாட்டிலும் குறை உண்டு. 35 லட்சத்துக்குள் புது வீடு தேடினால் வழி வடக்கே எர்ணாவூர், எண்ணூர் என்றுதான் போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எர்ணாவூரில் தண்ணீரோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. ஆகவே மழை விட்ட மறுநாள் போய்ப் பார்த்தோம். தெருவில் கணுக்கால் அளவுதான் நின்றிருந்தது, கார் நிறுத்துமிடம் காய்ந்திருந்தது. வாட்ச்மேனிடம் 2023ஐக் கேட்டதற்கு முட்டிக்குக் கீழே கையைக் காட்டினார்.

அதையே வாங்கினோம். வளையல்கள் வங்கியில் அடகில் இருக்கின்றன, முதல் மானியத் தவணை இன்னும் வரவில்லை. சொத்து வரியில் தங்கை பெயர் ஏறிவிட்டது, ஏப்ரலில் 57 ரூபாய் தள்ளுபடியும் கிடைத்தது. குடிநீர் வாரியக் கணக்கில் மட்டும் இன்னும் பில்டர் பெயர்தான். மாப்பிள்ளைக்குப் பகல் ஷிஃப்ட் முடிந்ததும் அடுத்த வாரம் ஒரு நாள் போக வேண்டும்.