நூல் கூடைக்குப் பக்கத்தில் ஒரு தடிப் புத்தகம்: ‘தி பிரின்சிபிள்ஸ் ஆஃப் நிட்டிங்’ – நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கையால் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: யூடியூபில் எல்லாம் கிடைக்கும்போது இவ்வளவு காசு போட்டு இந்தப் புத்தகம் எதற்கு? ஜூன் ஹெமன்ஸ் ஹையட் எழுதிய ‘தி பிரின்சிபிள்ஸ் ஆஃப் நிட்டிங்’ என்னிடம் பல வருடங்களாக இருக்கிறது. அதற்கு அலமாரியில் இடமே இல்லை. நூல் கூடைக்குப் பக்கத்திலேயே கிடந்து, அட்டை முனையெல்லாம் மழுங்கிவிட்டது. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக, அது எனக்கு எப்படிப் பயன்பட்டது என்பதை எழுதுகிறேன்.

முதலில் புத்தகத்தைப் பற்றி. அமெரிக்காவில் 1988-ல் முதல் பதிப்பு வந்தது. பிறகு அச்சில் இல்லாமல் போய், பழைய பிரதிகள் நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறின. ஆசிரியர் பல வருடம் உழைத்துத் திருத்தி எழுதிய புதிய பதிப்பு 2012-ல் வெளியானது. என்னிடம் இருப்பது அதுதான். 700 பக்கங்களுக்கு மேல். மாடல் அணிந்த அழகான ஸ்வெட்டர் படங்கள், “இந்தக் குல்லாவை இப்படிப் பின்னுங்கள்” என்கிற பாட்டர்ன்கள் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். ஊசியைப் பிடிப்பதில் தொடங்கி காஸ்ட் ஆன் (முதல் வரிசைக் கண்ணிகளை ஊசியில் ஏற்றுவது), கண்ணி கூட்டுவது, குறைப்பது, பட்டன் துளை, பல நிறப் பின்னல், துண்டுகளை இணைப்பது என்று தொழில்நுட்பம் ஒன்றே விஷயம். பெரும்பாலும் கோட்டோவியங்கள், அவற்றைச் சுற்றி நெருக்கமான எழுத்து.

வீடியோவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கை எப்படி அசைகிறது என்பதை எந்தப் படமும் வீடியோ அளவுக்குக் காட்டாது. ஆனால் வீடியோவில் தேட வேண்டுமென்றால், தேடுவதன் பெயர் முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் புத்தகத்தில் ஒரே வேலையைச் செய்யும் பத்துப் பதினைந்து வழிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. எது நீளும், எது நீளாது, எது எந்தப் பின்னலோடு ஒத்துப்போகும், ஏன் என்பதும் அங்கேயே இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் அதைத் திறந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த “எது, ஏன்” என்ற இரண்டுக்காகத்தான்.

காஸ்ட் ஆனையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது குன்னூரில். இங்கே குழந்தைகளுக்கு மங்கி குல்லா பின்னாத வீடு குறைவு. மங்கி குல்லாவில் சிக்கலான இடம் விளிம்பு. தலைக்குள் போகும்போது நன்றாக விரிய வேண்டும், போட்ட பிறகு கழுத்தைச் சுற்றிக் கவ்வி நிற்கவும் வேண்டும். நம்மில் பலர் கற்றுக்கொண்டது லாங் டெயில் காஸ்ட் ஆன், அதாவது நீளமாக வால் விட்டுப் போடும் முறை. விளிம்பு இறுக்கமாக வருகிறதா, ஒரு நம்பர் தடித்த ஊசியில் போடு என்பார்கள். இந்த முறையில் வால் நூல்தான் விளிம்பின் அடியோடு ஓடுகிறது. ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவில் அந்த நூல் எவ்வளவு விடப்பட்டிருக்கிறதோ, விளிம்பு அவ்வளவுதான் நீளும். ஊசியைத் தடிமனாக்கினால் முதல் வரிசைக் கண்ணிகள் பெரிதாகித் தொளதொளக்கும், இடையில் ஓடும் நூல் அதே அளவில் நிற்கும். ஆகவே வழக்கமான ஊசியிலேயே போட்டு, கண்ணிகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டால் போதும். ஒன்றுக்கு ஒன்று ரிப் பின்னல் (ஒரு நிட், அதாவது நேர்க்கண்ணி, ஒரு பர்ல், அதாவது அதன் மறுபுறக் கண்ணி, என்று மாறி மாறி வருவது) என்றால் இன்னும் நல்லது டியூபுலர் காஸ்ட் ஆன். அதில் விளிம்போடு ஓடித் தடுக்கும் தனி நூலே இல்லை. ரிப் அப்படியே மடிந்து மறுபக்கம் போவதுபோல உருண்டு நிற்கும், ரிப் எவ்வளவு நீளுமோ அவ்வளவு அதுவும் நீளும். நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது என்பது உண்மை. ஆனால் குளித்துவிட்டு வந்த பிள்ளை முனகாமல் குல்லாவைப் போட்டுக்கொள்ளும்போது அந்த நேரம் வீண் என்று தோன்றாது.

இந்தப் புத்தகத்தின்மேல் எனக்குப் பாசமே வந்தது வேறொரு பக்கத்தால். நாங்கள் சிலர் மதிய நேரத்தில் சேர்ந்து உட்கார்ந்து பின்னுவோம். அதில் ஓர் அக்கா பர்ல் போடும்போது நூலை ஊசிக்கு மேலே கொண்டுபோய்ச் சுற்றாமல், கீழிருந்து கோதி எடுப்பார். மின்னல் வேகம். அவர் அம்மா சொல்லிக்கொடுத்த கை அது. எங்களில் எல்லோரும் அதைத் தப்பு என்றே சொல்லிவந்தோம், ஏனென்றால் அவர் பாதியில் வைத்ததை வேறொருவர் வாங்கிப் பின்னினால் கண்ணியெல்லாம் முறுக்கிக்கொள்ளும், ஒவ்வொன்றின் அடியிலும் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கு விழும்.

புத்தகத்தில் விளக்கம் இருந்தது. ஊசிமேல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு கால்கள். நமக்குப் பழகிய முறையில் ஊசி முனையை ஒட்டி நிற்கும் கால் ஊசிக்கு முன்னால், நம் பக்கம் இருக்கும். அக்காவின் பர்லில் அது ஊசிக்குப் பின்னால் போய்விடும். அடுத்த வரிசையில் அவர் பின்காலில்தான் ஊசியை விடுகிறார், அதனால் அவர் கையில் கண்ணி நேராக வருகிறது. நாங்கள் வழக்கப்படி முன்காலில் விட்டோம், முறுக்கிக்கொண்டது. உலகத்தில் நிறையப் பேர் காலங்காலமாக இப்படியே பின்னிவருகிறார்கள். அதோடு அவருக்கு ஒரு வசதி கூடவே இருக்கிறது. இடப்பக்கம் சாய்ந்து குறைக்க வேண்டும் என்றால் நாம் இரண்டு கண்ணிகளையும் ஒவ்வொன்றாக நழுவவிட்டுத் திருப்பி, பிறகு சேர்த்துப் பின்னுகிறோம். அவருடைய கண்ணிகள் ஏற்கெனவே திரும்பியே நிற்பதால், நேராகப் பின்காலில் இரண்டையும் சேர்த்துப் பின்னிவிடலாம். வலப்பக்கம் சாய்வதற்குத்தான் அவர் திருப்பிப் போட வேண்டும். சாதாரணப் பின்னலை வட்டமாகப் பின்னும்போது பர்ல் வரிசையே வராது என்பதால், அங்கே முன்காலிலேயே பின்ன வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படத்தைக் காட்டி இதைச் சொன்னபோது அக்கா ஊசியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “எங்கம்மா கை தப்பில்லைன்னு நான் அப்பவே சொன்னேன்ல?” எந்தக் கையையும் மட்டம் தட்டாமல், ஒவ்வொன்றும் எதற்கு நல்லது என்று பார்க்கிறது இந்தப் புத்தகம். நூலை வலக்கையில் பிடிப்பவர், இடக்கையில் பிடிப்பவர் எல்லோருக்கும் அதில் இடம் இருக்கிறது. ஷெட்லாந்து தீவுகளில் இடுப்பில் தோல் பெல்ட் கட்டி, அதிலுள்ள துளையில் நீள ஊசியின் ஒரு முனையைக் குத்திக்கொண்டு பின்னும் வழக்கம் உண்டு. அதற்கும் ஆசிரியர் விரிவாக இடம் தந்து பரிந்துரைக்கிறார். எங்கள் ஊர் மழையில் தோல் சாமான் எல்லாம் பூஞ்சை பிடிக்கும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. தோள்வலி உள்ளவர்கள் அந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். நம்முடைய 8-ஆம் நம்பர் 4 மி.மீ., 10-ஆம் நம்பர் 3.25 மி.மீ. அமெரிக்க நம்பர் இதற்கு நேர் எதிர், ஏற ஏறத் தடிக்கும். அவர்களுடைய 8 என்பது 5 மி.மீ. அமெரிக்கப் பாட்டர்னை இறக்கி, நம்மிடம் இருக்கும் 8-ஆம் நம்பரில் பின்னினால் ஸ்வெட்டர் சின்னதாகி நிற்கும். இது அமெரிக்கப் புத்தகம் என்பதை மனதில் வைத்து மி.மீட்டரை மட்டும் பாருங்கள்.

கேஜ் (குறிப்பிட்ட அளவுத் துணியில் எத்தனை கண்ணி என்ற கணக்கு) விஷயத்தில் இந்தப் புத்தகம் கண்டிப்பான வாத்தியார். அந்தக் கண்டிப்பு தேவைதான். 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று வைத்து 100 செ.மீ. மார்புக்கு 220 கண்ணி போடுகிறோம். உண்மையில் நம் கை 21-தான் பின்னுகிறது என்றால் அதே 220 கண்ணி ஏறக்குறைய 105 செ.மீ. வரும். ஸ்கேலை நடுவில் வைத்து எண்ணும்போது ஓரத்தில் தெரியும் அரைக் கண்ணியை முழுதாக எண்ணுவதிலோ விட்டுவிடுவதிலோ தொடங்குகிறது இப்படிப்பட்ட வித்தியாசம். அதனால் நான் இப்போதெல்லாம் பெரிய மாதிரித் துண்டு பின்னி, நடுவில் 40 கண்ணிகளுக்கு இரு பக்கமும் வேறு நிற நூலால் அடையாளம் வைத்து, துவைத்துக் காயவைத்த பிறகு அந்த முழு அகலத்தையும் அளந்து வகுக்கிறேன். அக்ரிலிக் நூல்தான் நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகிறது. அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். சூடு பட்டால் துவண்டுவிடும், பழையபடி மீளாது. மாதிரித் துண்டையும் அப்படித்தான், கையால் அலசி நிழலில் விரித்துக் காயவைத்தால் போதும்.

இந்த எண்களின் அருமை கார்டிகனின் பட்டன் பட்டியில்தான் புரியும். முன்பக்க ஓரத்திலிருந்து கண்ணி எடுத்துப் பட்டி பின்ன வேண்டும். எத்தனை எடுப்பது? “சீராக எடுக்கவும்” என்று எழுதிவிட்டுப் பாட்டர்ன் போய்விடும். நம் துணியில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை என்று வைப்போம். 60 செ.மீ. ஓரத்தில் 180 வரிசை இருக்கும், பட்டிக்குத் தேவை 132 கண்ணி. வரிசைக்கு ஒன்று என்று 180-ஐயும் எடுத்தால் பட்டி அலை அலையாய்ப் பாவாடைக் கொசுவம்போல நிற்கும். ஒன்று விட்டு ஒன்று என்று 90 எடுத்தால் ஸ்வெட்டர் மேலே சுருக்கிக்கொண்டு ஏறும். நாலு வரிசைக்கு மூன்று எடுத்தால் 135, கிட்டத்தட்ட நாம் தேடிய எண். பட்டியின் பின்னல் வேறாக இருந்தால் அதற்கு ஒரு சின்ன மாதிரித் துண்டு போட்டு அளந்து, இதே கணக்கைச் செய்யலாம். பெரியவர்கள் பலர் இந்த நாலுக்கு மூன்றைக் கைப்பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். காரணம் தெரிந்ததால், நூலோ பின்னலோ மாறும்போது நாலுக்கு மூன்றா, மூன்றுக்கு இரண்டா என்று நானே முடிவு செய்ய முடிகிறது. என்னைக் கேட்டால் புத்தகத்தின் விலை இந்த ஓர் இடத்திலேயே வசூலாகிவிட்டது.

குறைகள் இல்லாமல் இல்லை. கனம் அதிகம். மடியில் வைத்துக்கொண்டு பின்ன முடியாது, மேசைமேல் விரித்து வைத்து, எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆசிரியர் பல உத்திகளுக்குத் தானே வகுத்த பெயர்களைச் சூட்டுகிறார். இணையத்தில் புழங்கும் பெயரை வைத்துக்கொண்டு பக்கத்தைத் தேடுவது ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. நான் பென்சிலால் நம் பெயர்களை ஓரத்தில் எழுதி, அடிக்கடி போகும் பக்கங்களில் நிற ஸ்டிக்கர் ஒட்டிய பிறகுதான் வேகம் வந்தது. வாக்கியங்கள் நீளம். ஆங்கிலம் சரளமாக வாசிக்காதவர்களுக்குச் சிரமம் கொடுக்கும். ஊசியையும் நூலையும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வாக்கியம் படித்து ஓர் அசைவு செய்து பார்த்தால் அந்தச் சிரமம் பாதியாகக் குறைகிறது. தமிழில் இந்த அளவுக்கு ஒரு புத்தகம் வர வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு இதைத் திறக்கும்போதெல்லாம் வருகிறது. மலையில் வாழும் எத்தனையோ பெண்களின் கையில் திறமை இருக்கிறது. காரணங்களையும் அவர்கள் மொழியிலேயே படிக்கக் கிடைத்தால் அவர்கள் பின்னுவதற்கு இன்னும் நல்ல விலை கேட்க முடியும்.

இப்போதுதான் நிட், பர்ல் பழகுகிறீர்கள் என்றால் இதை வாங்காதீர்கள், மிரண்டுவிடுவீர்கள். பக்கத்து வீட்டு அத்தையும் நாலு வீடியோவும் அதற்குப் போதும். இரண்டு மூன்று ஸ்வெட்டர் முடித்து, “பாட்டர்னில் ஏன் இப்படிச் சொல்கிறது, வேறு மாதிரிச் செய்தால் என்ன ஆகும்?” என்ற கேள்வி வரத் தொடங்கியவர்களுக்கு இது. விலை கைக்கு எட்டவில்லை என்றால் மேரி தாமஸ் 1938-ல் எழுதிய பின்னல் புத்தகத்தைப் பாருங்கள். மறுபதிப்பில் விலை குறைவு, அளவிலும் சிறியது. பழைய நடைதான், ஆனால் கண்ணி எப்படி உருவாகிறது என்பதை அவர் விளக்கும் தெளிவு இன்றைக்கும் குறையவில்லை. ஹையட்டின் புத்தகத்தையே வாங்குவதாக முடிவு செய்தால், பழைய புத்தகக் கடையில் 1988 பதிப்பை அரிய பொருள் என்று அதிக விலை சொன்னாலும் மயங்க வேண்டாம். 2012 பதிப்பு முழுக்கத் திருத்தி எழுதப்பட்டது, பயன்படுத்த அதுவே சிறந்தது.

இன்னும் நான் தொடாத பகுதிகளும் அதில் இருக்கின்றன. இந்தக் குளிருக்கு, ஒரே ஊசியில் இரண்டு அடுக்காகத் துணி வளரும் டபுள் நிட்டிங்கை எடுத்திருக்கிறேன். இரு பக்கமும் நேர்ப்பக்கமாக, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை என்று ஒரு மஃப்ளர். ஓரத்தில் இரண்டு நூலையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே போடாவிட்டால் இரண்டு அடுக்கும் பை மாதிரிப் பிரிந்துவிடும் என்பதைப் படித்துக்கொண்டே, அரை முழம் வரை வந்திருக்கிறேன்.