‘அமயா’ என்றால் மழையிரவா? ஒரு பெயர்ப்பொருள் செயலியைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

பெண் பிறந்தால் வைப்பதற்கென்று என் தங்கை குறித்து வைத்திருந்த நான்கு பெயர்களில் ‘அமயா’வும் ஒன்று. பெயர்களின் பொருள், பிறப்பிடம், பரவல் ஆகியவற்றைக் கூறும் ஒரு சந்தாச் செயலியில் அவள் அதைக் கண்டெடுத்திருந்தாள். ‘ஜப்பானியப் பெண் பெயர், பொருள்: இரவு மழை, மிக அரிது’ என்று மூன்றே தொடர்களில் முடிந்துவிட்ட அந்தப் பக்கத்தில், நீலப் பின்னணியில் ஒரு மழைத்துளியும், அதன் கீழ் இரண்டு ஜப்பானிய எழுத்துகளும் அழகாக வரையப்பட்டிருந்தன. “நீதான் ஜப்பானியம் படித்தாயே அண்ணா, சரிதானா என்று பார்த்துச் சொல்” என்று அவள் கேட்டதால் நானும் சந்தா கட்டி, ஆறு வாரங்கள் அந்தச் செயலியைப் பயன்படுத்திப் பார்த்தேன். செயலியின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே மூன்று தொடர்கள் சொல் மாறாமல் வேறு பல பெயர்ப் பட்டியல்களிலும் காணப்படுவதால், குற்றம் ஒருவருடையது மட்டும் அன்று.

முதலில் அந்த இரண்டு எழுத்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று மழையைக் குறிப்பது: மேலே ஒரு கிடைக்கோடு, அதன் கீழ்ச் சன்னல்போல் ஒரு சட்டம், சட்டத்துக்குள் நான்கு சிறு துளிகள். மற்றொன்று இரவைக் குறிப்பது. இரண்டுமே எட்டு எட்டுக் கீற்றுகளால் ஆனவை. ஜப்பானியக் குழந்தைகள் தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளிலேயே கற்றுக்கொள்பவை. மழையைக் குறிக்கும் ‘அமே’ கூட்டுச்சொற்களில் ‘அம’ என்று திரியும் என்பதும், இரவைக் குறிக்கும் எழுத்துக்குச் சீனவழி ஒலிப்பு ‘யா’ என்பதும் உண்மையே. அம, யா இரண்டையும் ஒட்டினால் அமயா வந்துவிடுகிறது. செயலி செய்திருப்பது அவ்வளவுதான். ஆனால் மழை பெய்யும் இரவுக்கு ஜப்பானியத்தில் நெடுங்காலமாகவே ஒரு சொல் இருக்கிறது, அதை ‘அமயோ’ என்றுதான் வாசிப்பார்கள். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ‘கெஞ்சியின் கதை’ என்ற ஜப்பானியப் புதினத்தில், மழை பெய்யும் ஓர் இரவில் அரண்மனை இளைஞர்கள் கூடியமர்ந்து பெண்களைத் தரம் பிரித்துப் பேசும் புகழ்பெற்ற காட்சிக்கு வழங்கும் பெயரிலும் இருப்பது இந்த ‘அமயோ’தான். செயலி காட்டும் அதே இரண்டு எழுத்துகளை நகல் எடுத்து ஜப்பானிய அகராதியில் தேடினால் கிடைப்பதும் இதுவே. ஒரு நிமிட வேலை. அதை யாரும் செய்யவில்லை.

எழுத்துகளை இப்படித் தனித்தனியே பொருத்தி ஒரு பெயரை ஜப்பானியமாக்கும் முறையில், எந்த மொழிப் பெயரையும் ஜப்பானியமாக்கிவிடலாம் என்பதுதான் எனக்குள்ள பெரிய மனக்குறை. ‘மீனா’வைப் பிரித்தால் அழகும் நரா நகரின் முதல் எழுத்தும் கிடைக்கும், தற்செயலாக அங்கேயும் மினா என்ற பெயர் உண்மையிலேயே வழங்குவதால் அது பொருந்தியும் போகும். ‘கனி’யைக் கொண்டுபோனாலோ, ஜப்பானியர் காதில் அது நண்டு.

ஒரு பெயர் ‘ஜப்பானியம்போல் ஒலிப்பது’ வேறு, ஜப்பானியர் அதைப் பெயராகக் கேட்பது வேறு. ஆயா, மாயா, சாயா, காயா என்ற சிறிய பெயர்கள் அங்கே பெண்களுக்கு உண்டு. ஆனால் மூன்று அசையாகி ‘யா’வில் முடியும் தட்சுயா, கஸுயா, தகுயா ஆகியவை ஆண்களின் பெயர்கள். அமயாவை முதன்முறை கேட்கும் ஜப்பானியருக்கு அது குடும்பப் பெயராகத் தோன்றலாம். வேறு எழுத்துகளில் அப்படியொரு குடும்பப் பெயர் இருக்கவும் செய்கிறது. அல்லது மழைக்கு ஒதுங்கி நிற்பதைக் குறிக்கும் ‘அமயதொரி’யோ, செல்லம் கொடுத்துக் கெடுப்பதைக் குறிக்கும் ‘அமயகசு’வோ நினைவுக்கு வரலாம். பிந்தையதை என் தங்கையிடம் சொன்னபோது, அதுதான் உண்மையில் நடக்கப்போவது என்று அவள் கணவர் குறுக்கிட்டுச் சொன்னார்.

அப்படியானால் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை ஸ்பெயினின் வடக்கில் இருக்கிறது. பாஸ்க் மொழியில் ‘அமாய்’ என்றால் முடிவு. அதனுடன் அம்மொழியின் சுட்டுவிகுதியான ‘அ’ சேர்ந்து ‘அமாயா’ ஆகிறது. புர்கோஸ் மாநிலத்தில் அமயா என்றே ஒரு பாறைக்குன்றும் ஊரும் உள்ளன. அப்பகுதியின் பழங்குடியினரான கந்தாபிரியர்களின் கோட்டையாக இருந்த அந்தக் குன்றை 574-இல் விசிகோத் மன்னர் லியோவிகில்டு கைப்பற்றினார். பிரான்சிஸ்கோ நவாரோ வில்லோஸ்லாதா எழுதி 1879-இல் நூலாக வெளிவந்த வரலாற்றுப் புதினம், எட்டாம் நூற்றாண்டுப் பாஸ்க் மக்களின் கதையை அமயா என்ற நாயகியை வைத்துச் சொன்ன பிறகுதான் இது பெண்களின் பெயராகப் பரவியது. அந்தக் கதையையொட்டி ஹெசுஸ் குரிதி அமைத்த இசைநாடகம் 1920-இல் பில்பாவோ நகரில் அரங்கேறியது. இன்று ஸ்பெயினில் இந்தப் பெயருடைய பாடகியரே இருவர் நன்கு அறியப்பட்டவர்கள்: அமாயா மொன்தேரோ, 2018-இன் யூரோவிஷன் என்ற பன்னாட்டுப் பாடல் போட்டியில் பங்கேற்ற அமாயா ரொமேரோ. இவ்வளவு துலக்கமான வரலாறு உள்ள ஒரு பெயருக்கு, செயலியின் பக்கத்தில் ஸ்பெயின் என்ற சொல்லே இல்லை.

சமஸ்கிருதத்தில் ‘அமாய’ என்பது வஞ்சமற்றது என்று பொருள்படும். இந்தியப் பெற்றோர் சிலர் அந்தப் பொருளை மனத்தில் கொண்டே வைக்கிறார்கள். ஆண்டீஸ் மலைப்பகுதியின் அய்மாரா மொழியிலோ ‘அமயா’ என்றால் பிணம். அங்குள்ள பழைய கல்லறைக் கோபுரங்களுக்கு ‘அமயா உத்தா’, அதாவது பிண வீடு என்று பெயர். (தமிழில் சற்று இழுத்துக் கூப்பிட்டால் ‘அமையா’ என்ற எதிர்மறைப் பெயரெச்சமாகிவிடும் என்பதை நான் சொல்லித்தான் என் தங்கை கவனித்தாள்.) இவற்றில் எதுவும் பெயரைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு பொருள் சொல்லும் ஒரு சேவை, எந்த மொழியில் என்ன பொருள் என்பதைப் பிரித்துக் காட்டுவதே அதன் முதல் வேலை.

பரவலைப் பற்றிய பகுதி இதைவிட மோசம். ‘மிக அரிது’ என்ற முத்திரை எந்த நாட்டைக் கணக்கில் கொண்டது என்பதற்கு அங்கே குறிப்பே இல்லை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பிறப்பாண்டுகளுக்குப் பெயர்க் கணக்கை வெளியிடுகிறது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அமயா அங்கே பெண் குழந்தைகளின் முதல் ஆயிரம் பெயர்களுக்குள் தொடர்ந்து இடம்பெற்றிருக்கிறது. அதை அரிது என்று சொல்ல முடியாது. அந்தக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு: ஓர் ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயர்கள், தனிநபர் அடையாளம் வெளிப்படாமலிருக்க, பட்டியலில் சேர்க்கப்படுவதில்லை. எழுத்துக்கூட்டல் சற்று மாறினாலும் தனிப் பெயராகவே எண்ணப்படும். ஆகவே பட்டியலில் இல்லை என்றால் உலகில் இல்லை என்று பொருளல்ல; செயலி இதையும் சொல்வதில்லை.

ஜப்பானைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் சிக்கலானது. குழந்தை பிறந்து 14 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரில் அன்றாடப் பயன்பாட்டுக்குரிய 2,136 எழுத்துகளையும், பெயர்களுக்கென்று கூடுதலாக அனுமதிக்கப்பட்ட 863 எழுத்துகளையும், ஹிரகானா, கதகானா ஆகிய இரு அசையெழுத்துகளையும் மட்டுமே பயன்படுத்தலாம். ஆனால் எழுத்தை எப்படி வாசிப்பது என்பது குடும்பப் பதிவேட்டில் இடம்பெறாமலே இருந்தது. 2025 மே 26 முதல்தான் வாசிப்பையும் பதிய வேண்டும் என்ற சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஒலிப்பை வைத்து ஒரு பெயர் நாடு முழுவதும் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஆண்டுதோறும் பலரும் மேற்கோள் காட்டும் பட்டியல், மெய்ஜி யசுதா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் காப்பீட்டுதாரர்களின் பெயர்களிலிருந்து தொகுப்பது. அதில்கூட எழுத்துவாரியான தரவரிசையும் வாசிப்புவாரியான தரவரிசையும் தனித்தனி. இந்த நிலையில், செயலி ஜப்பானியப் பெயர்கள் அனைத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் போட்டு வண்ணப் பட்டையாக வரைந்திருப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நல்லவற்றையும் சொல்லிவிடுகிறேன். தேடல் விரைவாக இயங்குகிறது, விளம்பரத் தொல்லை இல்லை, கணவனும் மனைவியும் தனித்தனியே தேர்ந்து பொதுவானவற்றை மட்டும் காணும் வசதி மெய்யாகவே பயனுள்ளது. பெயர்களைத் திரட்டிக்கொள்ள அது போதும். பொருளுக்கு அதை நம்ப வேண்டாம். ஐந்தில் இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன், இரண்டுமே இருவருக்கும் பொதுவான பெயர்களைக் காட்டும் அந்த வசதிக்கு.

பிழைகளை விளக்கி நிறுவனத்துக்கு எழுதியிருந்தேன். உள்ளடக்கத்தைப் பயனர்கள் அளிக்கிறார்கள் என்று மறுமொழி வந்தது; ஒன்பது நாள் கழித்துப் பார்த்தபோது பிறப்பிடம் என்ற இடத்தில் ‘ஜப்பானியம், ஸ்பானியம்’ என்று மாறியிருந்தது. பொருள் ‘இரவு மழை, முடிவு’ என்று சேர்க்கப்பட்டிருந்தது. எது எந்த மொழிக்கு என்ற குறிப்பு இப்போதும் இல்லை. நீலப் பின்னணியும் மழைத்துளியும் அப்படியே இருக்கின்றன. என் தங்கை பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் ‘பாஸ்க்’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறாள்.