நகரத்துச் சமூக சுகாதார மையம்: ஒரு பயனாளியின் மதிப்பீடு

நகரத்தில் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. நடுத்தரக் குடும்பமும் அன்றாடக் கூலி வாங்கும் குடும்பமும் கடன்படாமல் போய்வரக்கூடிய மருத்துவத்துக்குத்தான் பஞ்சம். இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் உள்ள முதியவர்கள், தடுப்பூசி போடவேண்டிய குழந்தைகள் என இரு தலைமுறைக்கும் சேர்த்துப் பல ஆண்டுகளாகச் சமூக சுகாதார மையத்தைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நீண்டகால நோய்களின் கண்காணிப்பு, தடுப்பூசி, கர்ப்பகாலப் பரிசோதனை, உடம்புக்கு ஏதோ சரியில்லை என்றால் முதலில் போய்க் கேட்பது ஆகியவற்றுக்குப் பெரிய மருத்துவமனையைவிட இத்தகைய மையமே மேல் என்பது என் தீர்ப்பு. அவசர சிகிச்சைக்கு இது ஏற்ற இடம் அன்று. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

மருத்துவச் செலவு என்றதும் பலரும் மருத்துவர் வாங்கும் கட்டணத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பையைக் காலி செய்வது அதன்பின் வரும் பரிசோதனைகளும் மருந்துகளும், வேலைக்குப் போகாமல் இழந்த கூலியுமே. ஒவ்வொரு முறையும் ஒரு புதிய மருத்துவரிடம் போனால், பழைய அறிக்கை அவர் கையில் இல்லாததால் எல்லாப் பரிசோதனையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ‘மூன்று மாதச் சர்க்கரை’ என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை நிலையைக் காட்டுவது. சில வாரங்களுக்குள் அதை மறுபடியும் எடுப்பதால் பொதுவாகப் புதிதாகத் தெரியவருவது மிகக் குறைவு. நல்ல சுகாதார மையத்தில் உங்கள் பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அந்தக் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது இப்போது தேவையில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லும் மருத்துவர் உங்களுக்கு மிச்சப்படுத்தும் பணம், அவருடைய கட்டணத்தைப் போலப் பல மடங்கு.

ஒரு மையம் எப்படிப்பட்டது என்பதை அங்கே இரத்த அழுத்தம் பார்க்கும் விதத்திலேயே கண்டுகொள்ளலாம் என்பது என் அனுபவம். சரியான முறை இதுதான்: நோயாளி முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் படும்படி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும், கை இதயத்தின் உயரத்துக்கு வரும்படி மேசைமேல் தாங்கலாக இருக்க வேண்டும், பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்ற வேண்டும், அளக்கும்போது இருவரும் பேசக்கூடாது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலோ, கை தாங்கலின்றித் தொங்கினாலோ அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்தப் பொய்யான எண்ணை நம்பி ஒருவருக்கு ஆயுள் முழுவதும் மாத்திரை எழுதப்படக்கூடும். நான் போய்வரும் மையத்தின் செவிலியர், படியேறி மூச்சு வாங்க வருகிறவர்களை உடனே அளப்பதில்லை. “கொஞ்சம் உட்காருங்கள் ஐயா, மூச்சு அடங்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிப்பார். அளவு கூடுதலாக இருந்தால் சற்று நேரம் கழித்து இரண்டாம் முறை பார்த்த பிறகுதான் சீட்டில் எழுதுவார். செலவில்லாத இந்தப் பொறுமை எல்லா இடத்திலும் கிடைத்துவிடுவதில்லை.

வேல்ஸ் நாட்டின் கிளின்கோரக் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், நோய் என்று வந்தவர்களோடு நிற்காமல், தம் பொறுப்பில் இருந்த பெரியவர்கள் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் 1960களிலேயே முறையாக அளந்தவர். மருத்துவம் யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதியவரும் அவரே. சமூக சுகாதார மையம் என்ற ஏற்பாடு அந்தக் கோணலை நேராக்கத்தான் இருக்கிறது; ஆகவே வாசலுக்கு வந்தவர்களை மட்டும் பார்த்து அனுப்பும் மையத்துக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன். பிரேசிலில் 1994இல் தொடங்கிய குடும்ப நலத் திட்டத்தில், 100 முதல் 150 வரையிலான குடும்பங்களை ஒரு சுகாதாரப் பணியாளரின் பொறுப்பில் விட்டு, அவர் மாதந்தோறும் வீடு தேடிப் போகும்படி அமைத்தார்கள். உங்கள் பகுதி மையத்திலிருந்து அப்படி யாரேனும் வீட்டுக்கு வருகிறார்களா, மாத்திரை வாங்க வராமல் நின்றுபோனவரைத் தேடிப் போகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மருந்து வழங்குமிடம் நான் மிகவும் மதிக்கும் பகுதி. இங்கே பெரும்பாலும் கிடைப்பவை பிராண்டு பெயர் இல்லாத ஜெனரிக் மருந்துகள். விலை குறைவு என்பதால் வீரியமும் குறைவு என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது, அது தவறு. மூலப்பொருளும் அதன் அளவும் ஒன்றாக இருப்பதோடு, உடலில் சேரும் அளவும் வேகமும் ஏற்கத்தக்க வரம்புக்குள் ஒத்திருந்தால்தான் முறையான கட்டுப்பாட்டு அமைப்பு ஜெனரிக் மருந்துக்கு அனுமதி தரும். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை 1977இல் வெளியிட்டதற்கும், பெரும்பாலோரின் தேவையைக் குறைந்த எண்ணிக்கையிலான, தரம் உறுதியான மருந்துகளைக் கொண்டே நிறைவேற்றிவிட முடியும் என்பதே அடிப்படை. எங்கள் மையத்தின் மருந்தாளுநர், கண்பார்வை மங்கியவர்களுக்கு அட்டையின் மேல் பெரிய சூரியனும் பிறையும் வரைந்து காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்று காட்டிவிட்டு, “எங்கே, நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள் அம்மா” என்று திருப்பிச் சொல்லவைத்த பிறகே அனுப்புகிறார். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் கேட்டு வற்புறுத்துகிறவர்களிடம், வைரஸால் வரும் நோய்க்கு அது பயன்படாது என்பதைச் சலிக்காமல் எடுத்துச் சொல்வதையும் பார்த்திருக்கிறேன்.

கட்டணத்தைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு ஏற்பாடு வேறுபடும். சில இடங்களில் முழுவதும் இலவசம். சில இடங்களில் வருமானத்துக்கேற்ற கட்டணம். அமெரிக்காவில் 1965இல் பாஸ்டன் நகரத்தின் கொலம்பியா பாயிண்ட் குடியிருப்பில் தொடங்கிய மையத்தின் வழிவந்த, கூட்டரசின் நிதி பெறும் சுகாதார மையங்களில், பணம் கட்ட இயலாத காரணத்துக்காக யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது விதி. இப்படிச் சலுகை இருந்தும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு முழுக் கட்டணமும் கட்டுகிறவர்கள், அல்லது வராமலே இருந்துவிடுகிறவர்கள் எங்கும் உண்டு. பதிவு செய்யும் இடத்திலேயே, சலுகை உண்டா, அதற்கு என்னென்ன சான்று வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அது பிச்சை கேட்பதன்று. அந்த மையம் இருப்பதே அதற்காகத்தான்.

இனிக் குறைகள். காத்திருப்பு நீளம், காலையில் கூட்டம் அலைமோதும். பல மையங்கள் மாலையில் மூடிவிடுவதால் வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுக்க நேர்கிறது, இது இழந்த கூலியாக மறுபடியும் செலவில் சேர்கிறது. மருத்துவர்கள் மாற்றலாகிப் போகும்போது, அதுவரை வளர்ந்த பழக்கமும் போய்விடுகிறது. என்னை அதிகம் வருத்துவது அந்தரங்கம் இல்லாமை: அரைத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் தன் உடற்சிக்கலைச் சொல்லும்போது வரிசையில் நிற்கும் அனைவருக்கும் கேட்கிறது. மனநலம் பற்றிப் பேச வந்தவர் அந்த அறையில் வாய் திறக்கவே மாட்டார். ஒரு கதவும் ஒரு சுவரும் இருந்தால் தீரும் இந்தக் குறையைக் கருத்துப் பெட்டியில் நான் தொடர்ந்து எழுதிப் போட்டுவருகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

நெஞ்சை அழுத்தும் வலி, முகம் ஒருபக்கம் கோணுதல், கை கால் திடீரென விழுந்துவிடுதல், பேச்சுக் குழறல், நிற்காத இரத்தப்போக்கு, மூச்சுத் திணறல் என்றால் பழக்கமான இடம் என்று மையத்துக்கு ஓடாதீர்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டவர்களில் தகுதியானோருக்கு, அடைத்திருக்கும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மையத்துக்குப் போய்த் திரும்புவதில் அந்த நேரம் கரைந்துவிடும். ஆம்புலன்ஸை அழைத்து நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

புதிதாக ஒரு நகரத்துக்குக் குடிவருகிறவர்கள், உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒருமுறை போய் மையத்தைப் பார்த்துப் பதிவு செய்துகொள்வது நல்லது. தடுப்பூசிக் குளிர்பெட்டியின் அருகே வெப்பநிலைக் குறிப்பேடு இருக்கிறதா என்று பாருங்கள்; பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டியவை, ஆகவே நாள்தோறும் அளவு குறிக்கப்பட்டிருந்தால் அங்கே வேலை ஒழுங்காக நடக்கிறது என்று நம்பலாம். மேல்சிகிச்சைக்கு வெளியே அனுப்பும்போது கடிதம் தருகிறார்களா என்றும் கேளுங்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் அங்கே கொடுத்த டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலை மையத்தில் கொடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அதை வாங்கிப் படித்துப் பார்த்து, மாற்றிய மருந்துகளைச் சீட்டில் திருத்தி எழுதுகிற மையம் கிடைத்தால், சற்றுத் தொலைவில் இருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள்.