மினாக்ஸிடிலா, ஃபினாஸ்டரைடா, முடி நடவா?

வழுக்கை விழத் தொடங்கியவர் முன்னால் இன்று ஐந்தாறு வழிகள் இருக்கின்றன: தடவும் மினாக்ஸிடில், விழுங்கும் ஃபினாஸ்டரைடு, ரத்தம் எடுத்துத் தலையில் ஏற்றும் பிஆர்பி, இரண்டு விதமான முடி நடவு, போதாக்குறைக்கு பயோட்டின் மாத்திரை. இவற்றில் எது நல்லது என்ற கேள்விக்கு நேரடியான பதில் கிடையாது, ஏனென்றால் இவை ஒரே வேலையைச் செய்வதில்லை. ஃபினாஸ்டரைடு இருப்பதைக் காக்கும். மினாக்ஸிடில் மெலிந்ததைத் தடிக்கவைக்கும். நடவு, பிடரி முடியை எடுத்து முன்னால் வைக்கும். ஆனால் கொட்டுவதை நிறுத்தாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நேராக நடவுக்குப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

முதலில் எந்த வகை உதிர்வு என்று பார்க்க வேண்டும். டெங்கு, டைஃபாய்டு, பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி டயட் எல்லாம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் பரவலாகக் கொத்துக்கொத்தாகக் கொட்டினால், அது தற்காலிக உதிர்வு. அநேகமாக ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். அந்த நேரத்தில் எந்த எண்ணெயைத் தேய்த்தாலும் அந்த எண்ணெய்க்குத்தான் நல்ல பேர் கிடைக்கும். காசு வட்டத்தில் வழவழவென்று முடி போயிருந்தால் புழுவெட்டு. பூச்சி எதுவும் கடிக்கவில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குகிறது. சிறிய வட்டங்கள் பல தானாக மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் தோல் மருத்துவர் அந்த இடத்திலேயே ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போடுவார். தலை முழுக்கப் போகும் கடுமையான புழுவெட்டுக்கு பாரிசிட்டினிப் மாத்திரையை 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்தது.

மூன்றாவது வகைதான் மிகச் சாதாரணமானது: பரம்பரை வழுக்கை. நெற்றியோரமும் உச்சியும் குறைந்து, பிடரி அடர்த்தியாகவே நிற்கும். டெஸ்டோஸ்டிரோன் ஒரு நொதியால் டிஎச்டி ஆக மாறுகிறது. அந்த டிஎச்டிக்கு நெற்றி, உச்சி வேர்கள் பலவீனமானவை. ஒவ்வொரு சுற்றிலும் முடி முன்பைவிட மெல்லியதாக, குட்டையாக முளைத்து, கடைசியில் பூனைமுடியாகிவிடும். தினம் ஐம்பது முதல் நூறு முடி விழுவது எல்லோருக்கும் இயல்பு, அதனால் விழுந்த முடியை எண்ணிப் பயனில்லை. சீப்பில் வந்த முடியை வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். தடித்த நீள முடிகளோடு, கத்தரி படாத கூர்நுனி கொண்ட மெல்லிய குட்டை முடிகளும் நிறைய கலந்திருந்தால் சந்தேகம் இந்த வகைமீதுதான். போர்வெல் தண்ணீரும் ஹெல்மெட்டும் இதற்குக் காரணம் இல்லை. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், உடைக்கவும் செய்யும், வேரைச் சுருக்காது.

இந்த வகைக்குத்தான் மருந்துப் போட்டி. மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. குடித்தவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததால் தலைக்கு வந்தது. 1988-இல் அமெரிக்காவில் 2 சதவீதக் கரைசல் அனுமதி பெற்றது. இப்போது ஆண்களுக்கு வழக்கம் 5 சதவீதம், காலை 1 மில்லி, இரவு 1 மில்லி. தடவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தலை காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் கூடாது. முடியை நாலைந்து வகிடாகப் பிரித்து, சொட்டு முடியில் அல்ல, தோலில் படும்படி விட்டு விரலால் பரப்ப வேண்டும். தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தடவிவிடுங்கள். தலையணையில் பட்டு முகத்துக்கு வந்தால் கன்னத்தில் முடி வளரும். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம், அதற்கு இது விஷம்.

தொடங்கிய இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் உதிர்வு கூடும். ஓய்வில் இருந்த பழைய முடியைப் புதிய முடி தள்ளுவதால் வருவது இது. இங்கே பயந்து நிறுத்துகிறவர்கள்தான் ஏராளம். அரிப்பு வந்தால் பெரும்பாலும் மருந்தல்ல, அதைக் கரைக்கச் சேர்க்கும் ப்ரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவம்தான் காரணம். அது இல்லாத ஃபோமுக்கு மாறலாம். பலன் பார்க்க நாலு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்ததெல்லாம் போய்விடும்.

ஃபினாஸ்டரைடு வேறு ரகம். அது டிஎச்டி உருவாகும் இடத்திலேயே கை வைக்கிறது; தினம் 1 மில்லிகிராம் ரத்தத்திலுள்ள டிஎச்டியைச் சுமார் 70 சதவீதம் குறைக்கும். 1997-இல் அனுமதி பெற்றபோது காட்டப்பட்ட ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் உச்சி முடி எண்ணிக்கையைத் தக்கவைத்தவர்கள் மருந்து எடுத்தோரில் 83 சதவீதம், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தோரில் 28 சதவீதம். வழுக்கையின் காரணத்தைத் தொடுவது இதுதான் என்பதால், ஆண்களுக்கு இரண்டில் ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால் இதையே சொல்லலாம். ஆனால் விலை உண்டு. ஆசைக் குறைவு, விறைப்புக் குறைவு போன்ற பாலியல் தொந்தரவுகள் அதே ஆய்வுகளில் மருந்து எடுத்தோரில் 3.8 சதவீதம், போலி மாத்திரையில் 2.1 சதவீதம். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கையும் இப்போது மருந்துத் தாளில் இருக்கிறது. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும். நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை ரத்த தானம் கூடாது. நாற்பதைத் தாண்டியவர் ப்ராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ பரிசோதனை செய்தால், இந்த மாத்திரையைச் சொல்லியாக வேண்டும்: அளவைப் பாதியாகக் காட்டும், நோய் இருந்தாலும் தெரியாமல் போகும்.

பிஆர்பி இவற்றுக்குத் துணைதான், மாற்று அல்ல. கையில் ரத்தம் எடுத்துச் சுழற்றிப் பிரித்த தட்டணுச் செறிவை மாதம் ஒன்றாக மூன்று நாலு தடவை தலையில் ஏற்றுவார்கள். தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் வேறு, அதனால் பலனும் வேறு. பயோட்டினைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: சத்துக் குறைவு இல்லாதவருக்கு முடி தராது, ஆனால் தைராய்டு, மாரடைப்புக்கான ட்ரோப்போனின் ஆகிய ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். எடுப்பவர் லேபில் சொல்லிவிட வேண்டும்.

பெண்களுக்குக் கணக்கே வேறு. நெற்றி ஏறாது, வகிடு அகலும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமித்த இரும்புச் சத்தின் அளவு), தைராய்டு பார்த்து, மாதவிடாய் ஒழுங்கில்லை என்றால் பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறு இருக்கிறதா என்றும் பார்த்த பிறகுதான் மருந்து. முதல் தேர்வு மினாக்ஸிடில். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் அதுவும் வேண்டாம்.

நடவுக்கு வருவோம். இரண்டு விதத்தில் ஒன்றான எஃப்யூடியில் பிடரியிலிருந்து ஒரு பட்டையாகத் தோலை வெட்டி, தைத்து, பட்டையிலிருந்து மைக்ராஸ்கோப்பின் கீழ் கிராஃப்ட், அதாவது வேரோடு நடும் சின்ன முடிக்கொத்துகளைப் பிரிப்பார்கள். கோடு போல ஒரு தழும்பு நிற்கும்; முடியை ஒட்ட வெட்டுகிறவருக்கு அது தெரியும். இன்னொரு விதமான எஃப்யூஇயில் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் குழாய்க்கத்தியால் ஒவ்வொன்றாகத் துளைத்து எடுப்பார்கள். தழும்பு புள்ளிகளாகச் சிதறும், வலி குறைவு, மொட்டையடிக்க வேண்டும். விளம்பரமெல்லாம் எஃப்யூஇக்குத்தான். ஆனால் தோலுக்கு உள்ளே முடி எந்தக் கோணத்தில் போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கை தவறினால் வேர் பாதியில் அறுபடும். பேராசையில் நெருக்கமாக எடுத்தால் பிடரியே செல்லரித்தது போலாகிவிடும்.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. சதுர சென்டிமீட்டருக்கு 40 கிராஃப்ட் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும். நெற்றியிலிருந்து உச்சிவரை 100 சதுர சென்டிமீட்டர் வெறுமையாக இருந்தால் 4,000 கிராஃப்ட். பிடரியில் வாழ்நாள் முழுதும் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பெரும்பாலானோருக்கு ஐயாயிரம், ஆறாயிரம்தான். 22 வயதில் பதினாறு வயது நெற்றிக்கோடு கேட்டு இரண்டாயிரத்தைச் செலவழித்தவர், மருந்தும் எடுக்காவிட்டால், முப்பதில் நட்ட முடி முன்னால் தீவாக நிற்கப் பின்னால் வெட்டவெளி பார்ப்பார். ஓராண்டு மருந்து எடுத்து உதிர்வு நின்றபின் நடுவதே சரி. நட்ட முடியும் சில வாரத்தில் உதிரும். மூன்று நாலு மாதத்தில் முளைத்து, முழுப் பலன் ஓராண்டில் தெரியும்.

விலை பேசும்போது கிராஃப்ட்டா முடியா என்று கேளுங்கள். ஒரு கிராஃப்ட்டில் சராசரி இரண்டு முடி இருக்கும். முடியைக் கிராஃப்ட்டாக எண்ணிப் பில் போடுவது உண்டு. யார் துளைப்பார், யார் மயக்க மருந்து போடுவார் என்பது அதைவிட முக்கியம். 2016-இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே முடி நடவுக்குப் பிறகு இறந்தார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், முறைப்படி பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும், பட்டறையோ யூடியூபோ பார்த்துக் கற்றது போதாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தலை மரத்துப்போகப் போடும் லிக்னோகெயினுக்கு உடல் எடைக்கேற்ற உச்ச அளவு உண்டு. அட்ரினலின் கலந்தால் கிலோவுக்கு 7 மில்லிகிராம். அறுபது கிலோக்காரருக்கு 420 மில்லிகிராம். எட்டு மணி நேர நடவில் திரும்பத் திரும்ப ஊசி போடும்போது இந்தக் கூட்டலை யார் எழுதிவைக்கிறார்கள், வலிப்போ இதயத் துடிப்புக் கோளாறோ வந்தால் எந்த மருந்து கைவசம் இருக்கிறது என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். பதில் கிளினிக்கின் ஆலோசகரிடமிருந்து வந்தால் போதாது, டாக்டரே சொல்ல வேண்டும்.