ஆக்லியும் ஸ்ட்ராட்லேட்டரும்: ஹோல்டனின் தனிமைக்கு இரு அளவுகோல்கள்

1951இல் வெளிவந்த ஜே. டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலில், 16 வயது ஹோல்டனின் அந்நியத்தன்மையைப் பென்சி பள்ளி விடுதியின் இரு துணைப்பாத்திரங்கள் வெவ்வேறு விதமாகக் காட்டுகின்றன. அறைத்தோழன் ஸ்ட்ராட்லேட்டர் அழகன். ஆனால் அவனுடைய சவரக்கத்தி அழுக்கேறிக் கிடப்பது கூட இருப்பவனுக்கே தெரியும். ஹோல்டனின் பழைய தோழி ஜேன் கலாகருடன் ஸ்ட்ராட்லேட்டர் வெளியே சென்று திரும்பிய இரவில், இறந்த தம்பி ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி ஹோல்டன் அவனுக்காக எழுதிக்கொடுத்த பள்ளிக் கட்டுரையை, கேட்ட பொருளில் இல்லை என்று அவன் கடிந்துகொள்வதும், பிறகு மூளும் கைகலப்பும், துக்கத்தைக் காதில் வாங்காத உலகோடு ஹோல்டனுக்குள்ள மோதலை வெளிப்படையாக்குகின்றன.

பக்கத்து அறை ஆக்லியோ யாருக்கும் வேண்டாதவன். அவனுடைய பருக்களையும் துலக்காத பற்களையும் ஹோல்டன் எள்ளுகிறான். ஆயினும் திரைப்படத்துக்குப் புறப்படும்போது அவனையும் அழைத்துச்செல்லலாமா என்று கேட்பவன் ஹோல்டனே. (இந்த இரக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை.) அடிபட்டு இரத்தம் வழிய அவன் நாடிச்செல்வதும் ஆக்லியின் அறையைத்தான், அங்கே கிடைப்பது தூக்கக் கலக்கமும் சலிப்பும் மட்டுமே.

என் கணிப்பில் ஆக்லியே கூர்மையான அளவுகோல். ஸ்ட்ராட்லேட்டர்மீது சினம்கொள்ள ஹோல்டனுக்குக் காரணம் உண்டு. தன்னைப் போலவே ஒதுக்கப்பட்டவனிடமும் ஒட்ட முடியாமல் போவதே ஆழமான தனிமை. அந்த அறையை விட்டு வந்த பிறகுதான், அன்றிரவே பள்ளியிலிருந்து வெளியேற அவன் முடிவெடுக்கிறான்.