கொலைகாரனை எப்போது காட்டுவது?

ஓர் அரசு வழக்கறிஞர், தந்திரக்காரனான ஒரு தொடர் கொலைகாரன். இந்த இருவரை வைத்து நாவல் எழுத உட்கார்ந்தால் முதல் நாளே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கொலைகாரன் யார் என்பதைக் கடைசி அத்தியாயம் வரை மறைப்பதா, முதல் அத்தியாயத்திலேயே போட்டு உடைத்துவிடுவதா? நான் மறைத்துத்தான் ஆரம்பித்தேன். பாதியில் கிழித்துப் போட்டுவிட்டு, இப்போது உடைத்து எழுதுகிறேன். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மறைப்பதன் லாபம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யார், யார் என்று பக்கங்கள் தானாகப் புரளும். சுமாரான கதையைக்கூட அந்த ஆவல் கரை சேர்த்துவிடும்.

எனக்குச் சிக்கல் வந்தது வேறு இடத்தில். அரசு வழக்கறிஞருக்குப் பெரும்பாலும் வேலை ஆரம்பிப்பதே ஒருவன் கூண்டில் ஏறிய பிறகுதான். ஆள் யாரென்றே தெரியாத கதையில் அவர் என்ன செய்வார்? என் கதாநாயகி கைரேகை தேடி அலைந்துகொண்டிருந்தாள். எழுபதாம் பக்கத்தில்தான் உறைத்தது, கறுப்பு அங்கி போட்ட போலீஸ்காரியை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று.

ஆளைக் காட்டிவிட்டால் கேள்வியே மாறிவிடுகிறது. இவன்தான், சரி. நிரூபிக்க முடியுமா?

இந்தக் கேள்வியின் கனம் தெரிய ஜார்ஜ் ஜோசப் ஸ்மித் வழக்கைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் அவன் மணந்த மூன்று பெண்கள், 1912 முதல் 1914 வரை ஆண்டுக்கு ஒருவராக, குளியல் தொட்டியில் இறந்து கிடந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் விபத்து. முதல் மரணத்துக்கு வலிப்பு என்று காரணம் எழுதியாகிவிட்டது. 1915இல் வழக்கு நடந்தபோது குற்றச்சாட்டு மூவரில் முதலில் இறந்த பெஸ்ஸி மண்டியின் கொலைக்கு மட்டும்தான். மற்ற இரண்டு சாவுகளைப் பற்றி ஜூரி கேட்கலாமா கூடாதா என்பதில்தான் வழக்கின் உயிரே இருந்தது. ஒருவனின் பழைய கதையை வைத்து இப்போதைய குற்றத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் இது விபத்தல்ல, திட்டம் என்று காட்ட அவை உதவும் என்று நீதிபதி அனுமதித்தார். அரசுத் தரப்பில் ஆர்ச்சிபால்டு பாட்கின், எதிர்த்தரப்பில் புகழ்பெற்ற மார்ஷல் ஹால். சுமார் இருபது நிமிடத்தில் ஜூரி முடிவு சொல்லிவிட்டது, ஸ்மித் தூக்கிலேறினான்.

கவனியுங்கள், கொலைகாரன் யார் என்பதில் இங்கே மர்மமே இல்லை. அந்த ஒரு அனுமதி மறுக்கப்பட்டிருந்தால்? ஒரு நாவலுக்கு அந்தப் பயம் போதும். தந்திரக்காரனின் தந்திரமும் அங்கேதான் வேலை செய்யும்: ஒவ்வொரு கொலையையும் தனித்தனி விபத்தாக வைத்திருப்பது.

அவனே தனக்கு வாதாடுவது போல வைத்தால் இன்னும் காரம் ஏறும். அமெரிக்கத் தொடர் கொலைகாரன் டெட் பண்டி அப்படி வாதாடியவன்தான். 1977இல் ஆஸ்பென் நீதிமன்ற நூலகத்து ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பியும் போனான். கற்பனையாக எழுதியிருந்தால் நம்ப மாட்டார்கள்.

வாராவாரம் வரும் தொடர்கதைக்கு இது பொருந்துமா என்றால், நான் தொடர் எழுதியதில்லை. அங்கே மறைப்பதுதான் தாங்குமோ என்னவோ.

என் கதையில் நேற்றுதான் நீதிபதி பழைய இரண்டு சாவுகளையும் ஏற்க மறுத்தார். கதாநாயகியிடம் மிச்சம் ஒரே ஒரு சாட்சி. அவளும் பொய் சொல்கிறாள்.