கட்டு மாற்ற வந்தவர் செவிலியரே அல்லர்: வீட்டில் புண் பராமரிப்புக்கு ஆள் வைப்போர் கவனத்திற்கு

சர்க்கரை நோயால் என் தந்தையின் குதிகாலில் உண்டான புண்ணில் அழுகிய தசையை அகற்றிய மருத்துவர், இனி நாள்தோறும் வீட்டிலேயே கட்டு மாற்றினால் போதும் என்று அனுப்பிவைத்தார். 'காயப் பராமரிப்பில் தேர்ந்த செவிலியர்' என்று தொலைபேசியில் உறுதியளித்த நிறுவனம் ஒன்றுக்கு ஒரு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தினோம். வருபவரின் செவிலியர் பதிவு எண்ணைக் கேட்காதது எங்கள் தவறு.

வந்த பெண்மணி நேரம் தவறாதவர், அன்பாகப் பேசுபவர். அதனாலேயே எங்களுக்குச் சந்தேகம் எழ நாளாயிற்று. கையுறை அணிந்த கையால் கைபேசியை எடுத்துப் பேசிவிட்டு அதே கையால் புண்ணைத் தொடுவார். காய்ந்து ஒட்டியிருக்கும் காஸ் துணியைச் சலைனில் நனைத்து இளக்காமல் ஒரே இழுப்பில் உரித்தெடுப்பார். பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்ததால் அப்பா முகம் சுளிக்கவில்லை, ஆனால் அப்போதுதான் துளிர்த்திருந்த சிவந்த தசை துணியோடு பிய்ந்து வருவதை நான் பார்த்தேன். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி, பொங்கும் நுரையைக் காட்டி, "கிருமியெல்லாம் சாகுது பாருங்க சார்" என்பார். ரத்தமும் திசுவும் பட்டாலே அந்தத் திரவம் சிதைந்து ஆக்சிஜனாக நுரைக்கும் என்பதையும், தினமும் ஊற்றினால் ஆறிவரும் திசுவையே அது கெடுக்கும் என்பதையும் நான் பின்னர்தான் அறிந்தேன்.

பதிவேட்டில் எல்லா நாளும் ஒரே வாக்கியம்: 'புண் சுத்தம், ஆறி வருகிறது.' அவர் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே வாக்கியம், அதே கையொப்பம். நீளம், அகலம், ஆழம் என்று ஓர் எண்கூட இல்லை. முறையான சிகிச்சையில் 4 வாரங்களில் பாதப் புண்ணின் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையாவிட்டால் மருத்துவர்கள் சிகிச்சையையே மறுபரிசீலனை செய்வார்கள். அளவே எடுக்காதவர் எதை வைத்து ஆறி வருகிறது என்று எழுதினார்?

17ஆம் நாள் புண்ணிலிருந்து துர்நாற்றம் வீசியது. கணுக்கால்வரை சிவப்பு ஏறியிருந்தது. மருந்து வாடைதான் என்று அவர் சொன்னதைக் கேட்காமல் மறுநாள் அப்பாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் புண்ணின் பொந்துக்குள் இடுக்கியை விட்டுக் கட்டைவிரல் அளவில் சாம்பல் நிறத் துணி ஒன்றை உருவினார். உள்ளே திணிக்கும் துணிகளை எண்ணிக் குறித்து, ஒரு நுனியை வெளியே விட்டு, எடுக்கும்போது மீண்டும் எண்ண வேண்டும் என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. இரண்டாம் முறையும் தசையை வெட்டியெடுத்து, ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டியதாயிற்று.

நிறுவனத்திடம் முறையிட்டபோது, வந்தவர் 'பராமரிப்பு உதவியாளர்' என்றும், ஒப்பந்தத்தில் 'பயிற்சி பெற்ற பணியாளர்' என்றுதான் எழுதியிருப்பதாகவும் பதில் வந்தது. எடுத்துப் பார்த்தேன், உண்மைதான், 'செவிலியர்' என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. எஞ்சிய நாட்களுக்கான பணம் மட்டும் திரும்பியது.

மருத்துவரே பரிந்துரைத்த செவிலியர் இப்போது வருகிறார். முதல் நாள் பையைத் திறக்கும் முன் பதிவு அட்டையைக் காட்டினார். கை கழுவிவிட்டு, காகித அளவுகோலைப் புண்ணருகே வைத்து 4.2, 3.1, ஆழம் 1.5 சென்டிமீட்டர் என்று எழுதினார். உள்ளே வைத்த துணி ஒன்று என்பதும் அதன் கீழே இருந்தது.